மூன்றாம் நாள் மாலைக் கையெழுத்து

இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் பாதியிலேயே விடை சொல்லிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். முழுக்கக் கேட்ட பிறகும் அதே விடைதான் வருகிறதா என்று பாருங்கள்.

சற்குணம் மலைமேல் வேலை பார்க்கும் கிராம சுகாதார செவிலியர். அவர் பொறுப்பில் உள்ள கருக்கம்பாறையில் நாற்பது வீடுகள். அந்த மக்களின் பேச்சு கீழே இருப்பவர்களுக்குப் புரியாது. பிரசவத்துக்கு அவர்கள் மலையிறங்குவதும் அரிது. போன வருடம் அங்கே இரண்டு குழந்தைகள் பிறந்ததும் அழாமலே போய்விட்டன. அதற்குப் பிறகு, மூச்சு வராத குழந்தைக்குக் கையால் அமுக்கிக் காற்றுக் கொடுக்கும் ரப்பர் பை ஒன்றை மேலிடம் அனுப்பியது. எப்படி அமுக்குவது என்று சொல்லித்தர யாரையும் அனுப்பவில்லை.

அதற்கான பயிற்சி மாவட்டத் தலைநகரில் வருடந்தோறும் நடக்கிறது. ஆறு வருடமாகச் சற்குணம் விண்ணப்பித்தார். "நீ போனால் மலையை யார் பார்ப்பது?" என்று கேட்டு, இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும் யாரோ ஒருவரை ஒவ்வொரு முறையும் அனுப்பினார்கள். அப்படிப்பட்டவர்கள்தானே நம் ஊரில் எல்லாப் பயிற்சிக்கும் போய் வருகிறார்கள்!

இந்த வருடம் அவருக்கே கடிதம் வந்தது. ஐந்து நாள். காலையும் மாலையும் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாதவர்கள் பையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

போன வருடம் பிள்ளையை இழந்தவர்களில் நஞ்சி ஒருத்தி. மறுபடியும் நிறைமாதம். "இந்தத் தடவை நான் கூட இருப்பேன்" என்று சற்குணம் வாக்குக் கொடுத்திருந்தார். நாள் கணக்குப்படி இன்னும் பத்து நாள் இருந்ததால் துணிந்து கிளம்பினார். அவருக்குப் பதிலாகக் கீழிருந்து வினோதினி மலைக்குப் போனாள். நல்ல பெண், வேலை தெரிந்தவள்.

மூன்றாம் நாள் காலை வகுப்பின் நடுவே போன் வந்தது.

"அக்கா, நஞ்சிக்கு வலி கண்டிருச்சு. என்னை வாசப்படி தாண்ட விடமாட்டேங்கறாங்க."

"அவங்க வீட்டுல ஏதாச்சும் சாப்பிட்டியா?"

"களி குடுத்தாங்க. நான் சாப்பாடு கொண்டாந்திருந்தேன், வேண்டாம்னுட்டேன்."

"வேண்டாம்னியா? போச்சு போ!"

கருக்கம்பாறையில் ஒரு வழக்கம். தங்கள் வீட்டில் ஒரு வேளையாவது சாப்பிட்ட கைதான் பேறுகாலத்தில் தாயைத் தொடலாம். சற்குணம் நஞ்சி வீட்டில் பலமுறை சாப்பிட்டவர்.

"இப்பச் சாப்பிட்டா விடுவாங்களாக்கா?"

"வலி கண்ட வீட்டுல அடுப்பு எரியாது, தாயே. நீ வாசல்லயே இரு. நான் வரேன்."

பயிற்சியாளர் நூர்ஜஹானிடம் போய் நின்றார்.

"மத்தியானம்தான் பொம்மையில செஞ்சு பாக்கப் போறோம் சிஸ்டர். எவ்வளவு அமுக்கணும்ங்கிறது அப்பத்தான் கைக்குப் பிடிபடும். கொஞ்சம் கூடினா பிள்ளையோட நுரையீரல் கிழிஞ்சிரும்."

"தெரியும் மேடம். நான் போகலைன்னா அங்க அமுக்கவே ஆளில்ல."

நூர்ஜஹான் வருகைப் பதிவேட்டை மூடி வைத்தார். "போங்க. கையெழுத்து மட்டும் கேக்காதீங்க."

பேருந்து, ஜீப், நடை என்று சற்குணம் நாலரை மணிக்குப் போய்ச் சேர்ந்தார். அரை மணி நேரத்தில் குழந்தை பிறந்தது. அழவில்லை. துடைத்து, தலையைச் சரியாக வைத்து, பையை முகத்தில் பொருத்தினார். அதுவரைதான் கற்றிருந்தார். எவ்வளவு அமுக்குவது என்பதில் அவர் கை குத்துமதிப்பாகத்தான் போயிற்று. குழந்தை அழுதது.

அன்று மாலை வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரி ஜெசிந்தா, சற்குணத்தின் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டாள். அசலைவிட அழகாகப் போட்டதால், பதிவேடு பார்த்த எழுத்தரிடமே மாட்டிக்கொண்டாள். மறுநாள் காலை முதல் பேருந்தில் சற்குணம் திரும்பியபோது இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்கள்.

"தப்புதான் மேடம்" என்றாள் ஜெசிந்தா. "ஆனா போன வருசம் அஞ்சு நாளும் குறட்டை விட்டவருக்கு நீங்கதானே சான்றிதழ் குடுத்தீங்க? தூங்கினவருக்குக் காகிதம் உண்டு, ஓடிப்போய்ப் பிள்ளையைக் காப்பாத்தினவங்களுக்குக் கிடையாதா?"

"அந்தப் பிள்ளை பொழச்சது அதிர்ஷ்டம்" என்றார் நூர்ஜஹான். "அதிர்ஷ்டத்துக்கு நான் சான்றிதழ் குடுக்க முடியாது."

"அதிர்ஷ்டம்தான் மேடம்" என்றார் சற்குணம். "பையை வாங்கிட்டா அடுத்த பிள்ளைக்கு அதுவும் இருக்காது."

வியாழனும் வெள்ளியும் இந்தப் பேச்சிலேயே போயின. விளக்கக் கடிதம் எழுதி வாங்கினார்கள், மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார்கள். சற்குணத்துக்கும் ஜெசிந்தாவுக்கும் சான்றிதழ் இல்லை. அடுத்த வாரம் ஜீப்பில் வந்து பையை வாங்கிக்கொண்டு போனார்கள். கருக்கம்பாறையில் அப்போது இன்னொருத்திக்கு எட்டாம் மாதம்.

வகுப்பைப் பாதியில் விட்டுப் போன சற்குணம், பொய்க் கையெழுத்துப் போட்ட ஜெசிந்தா, சான்றிதழை மறுத்த நூர்ஜஹான். இதில் யார் செய்தது சரி?

விடை: சற்குணம் என்றுதான் நானும் முதலில் சொன்னேன். அவர் போனதில் குற்றமில்லை. ஆனால் ஒரு குழந்தை பிழைத்துவிட்டது என்பதற்காக அடுத்த குழந்தையிடம் குத்துமதிப்பாக அமுக்க விட முடியுமா? ஜெசிந்தாவின் கையெழுத்து அதைத்தான் செய்திருக்கும். ஆகவே மறுத்த நூர்ஜஹான் பக்கம்தான் நியாயம் என்று இப்போது சொல்கிறேன். சொல்லும்போதே எரிச்சலாக இருக்கிறது. திரும்பி வந்த பிறகு சற்குணம் இரண்டு நாள் அவர் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தார். விட்டுப்போனது ஒரு பிற்பகல் பாடம். அதைக் கற்றுக்கொடுங்கள் என்று மற்ற இருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை, சரி. கற்றுக்கொடுக்க அவருக்குமா தோன்றவில்லை? தெரியாதவரைத் தெரியாதவர் என்று எழுதி அனுப்புவதற்கு ஓர் ஆசிரியர் எதற்கு?