மரு எதிர்பார்த்த வண்டி

விருதுநகரில் ஜவுளிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் வேலை பார்த்துவந்தாள் செல்லக்கனி. அவளுடைய தாடையில் ஒரு காலத்தில் சில முடிகளும் ஒரு மருவும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தன. இரண்டுக்கும் இடம் கொடுத்துவிட்டுத் தவித்துக்கொண்டிருந்தது தாடைத் தோல்.

முடிகளைப் பற்றித் தோலுக்குப் பயமில்லை. பிடுங்கினால் போகும், பிறகு வரும். மரு அப்படியில்லை. கடுகளவில் வந்து மிளகளவுக்கு வளர்ந்து, தலையில் கரும்புள்ளிகளோடு உட்கார்ந்திருந்தது. அதிகம் பேசாது. அதனாலேயே தோலுக்கு அதைக் கண்டால் நடுக்கம்.

செல்லக்கனிக்கோ முடிகள்தான் கவலை. சேலையை விரித்துக் காட்டும்போது, வந்தவர்களின் பார்வை சேலையை விட்டு நழுவித் தன் தாடைக்கு ஏறுவதை அவள் கவனித்திருந்தாள். லேசர் வைத்து முடியை எடுத்துவிடுவது என்று முடிவு செய்து, அதற்கான கிளினிக்கில் வெள்ளிக்கிழமைக்கு நேரமும் வாங்கிவிட்டாள். அதே சூட்டில் மருவும் உதிர்ந்துவிடும் என்று நம்பினாள்.

செய்தி தெரிந்ததும் முடிகள் அழத் தொடங்கின. அந்த வெளிச்சம் கறுப்பைத் தேடி வரும், வேர்வரை இறங்கிச் சுடும் என்று புலம்பின. மரு மட்டும் குஷியாக இருந்தது.

“உன்மேலும் கறுப்பு இருக்கிறதே. உனக்குப் பயமில்லையா?” என்று கேட்டது தோல்.

“வெளிச்சம் என்மேல் விழுந்தால் நீயும்தான் வெந்து புண்ணாவாய்,” என்றது மரு. “ஆனால் அது பிறகுதான் வரும். முதலில் முடியை மழிக்க பிளேடு வரும். அதுதான் என் வண்டி. என் தலையைச் சீவிக்கொண்டு அது போகிற வழியெல்லாம் என் விதைகள் இறங்கிக்கொள்ளும். கன்னம், மேலுதடு, கழுத்து... எங்கே கீறல் விழுந்தாலும் எனக்கு அங்கே ஒரு வீடு.”

தோலுக்குச் சில்லிட்டுப் போனது. எப்படியாவது செல்லக்கனியிடம் சொல்லிவிட வேண்டும். அதற்குத் தெரிந்த பாஷை அரிப்பு ஒன்றுதான். லேசாக அரித்துப் பார்த்தது. உடனே அவள் விரல் வந்தது. மருவின் ஓரத்தில் நகம் பட்டது.

“இதுவும் எனக்கு வண்டிதான்,” என்றது மரு.

தோல் பதறிப்போய் அரிப்பை அடக்கிக்கொண்டது. அதன்பிறகு செல்லக்கனியிடம் அது வாயே திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை முகத்தில் எதுவும் பூசாமல் வரச் சொல்லியிருந்தார்கள். செல்லக்கனி முகத்தைக் கழுவினாள். ஆனாலும் மருவோடு போய் நிற்கக் கூச்சமாக இருந்தது. அதன்மேல் மட்டும் தோல் நிறத்தில் கொஞ்சம் பூச்சு வைத்து அமுக்கினாள். எதை மூடுகிறாய் என்று தெரிகிறதா என்று தோல் கேட்டதற்கு, மறைப்பது மட்டும்தான் தன் வேலை, எதை மறைக்கிறோம் என்று கேட்பதில்லை என்று பூச்சு சொல்லிவிட்டது.

லேசர் அறையில் ரெஜினா என்ற இளம்பெண் இருந்தாள். முகத்தில் மரு, புண் ஏதாவது உண்டா என்று கேட்டாள். செல்லக்கனி இல்லை என்றாள். அவள் கண்களுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, புது பிளேடை எடுத்துக் காதோரத்திலிருந்து மழிக்க ஆரம்பித்தாள் ரெஜினா.

“தாடைப் பக்கம் மட்டும் வராதே,” என்று தோல் பிளேடிடம் கெஞ்சியது.

“கை கொண்டுபோகிற இடத்துக்கு நான் போகிறேன்,” என்றது பிளேடு. அதன் குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை.

சர்சர்ரென்ற சத்தம் நெருங்கியது. பூச்சுக்கு அடியில் மரு நிமிர்ந்து உட்கார்ந்தது. தோலால் ஓட முடியாது, ஒதுங்கவும் முடியாது. உள்ளே இருந்த பயமெல்லாம் ஒவ்வொரு துளையிலும் வந்து முட்டியது. அந்த ஏசி அறையில், தாடை முழுக்கக் குப்பென்று வேர்த்தது.

பூச்சு இளகி வழிந்தது. ரெஜினா பஞ்சால் ஒற்றினாள். பஞ்சோடு பூச்சும் வந்துவிட்டது. பிளேடு பிடித்த கை அப்படியே நின்றது.

“அக்கா, இது மரு மாதிரி இருக்கே?”

செல்லக்கனி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு, “லேசர்லயே அதுவும் போயிடும்னு நெனச்சேன்மா,” என்றாள்.

“போகாதுக்கா. மழிச்சா முகம் பூரா பரவிடும். அதுமேல லேசர் பட்டா சுட்டுத் தழும்பாயிடும். முதல்ல தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க, மருதானான்னு அவங்க பார்த்துச் சொல்லட்டும். அது போய், தோல் நல்லா ஆறினப்புறம் முடியப் பத்தி யோசிக்கலாம்.”

பிளேடு குப்பைக்குப் போனது. முடிகள் அன்றைக்குத் தப்பித்தன. டாக்டர் பார்த்து மருதான் என்று உறுதி செய்து, உறையவைக்கும் கடுங்குளிர் மருந்தை அதன்மேல் வைத்தார். மரு கறுத்துச் சுருங்கியது. உதிரும் நிலையிலும் அதற்கு ஒரு விஷயம் விளங்கவில்லை.

“பூச்சு என்னை மூடியிருந்தது. அவளும் இல்லை என்றாள். நீயும் அவளிடம் வாய் திறக்கவில்லை. பிறகு யார் என்னைக் காட்டிக்கொடுத்தது?”

“நான் பயந்தேன்,” என்றது தோல். “அவ்வளவுதான்.”