முன்வரிசை நடு இடம்

முள்ளும் பாறையுமாகக் கிடந்த ஒரு காட்டில் செவத்தி என்றொரு முயல் இருந்தாள். அந்தக் காட்டு முயல்குட்டிகளுக்கு ஓடிப் பழக ஒரு சாண் சமதரை கிடையாது. போன வருஷம் பாறைச் சரிவில் நடந்த ஓட்டப் பந்தயத்தில் அவளுடைய மூத்தவனின் கால் பாறையிடுக்கில் சிக்கி முறிந்தது. இந்த வருஷம் துள்ளி என்ற இளையவளின் முறை. பெற்ற வயிறு சும்மா இருக்குமா, பிள்ளைகளே? காட்டுத் தலைவரான யானையிடம் போய், முள்ளில்லாத ஒரு திடல் போதும் என்று கெஞ்சினாள்.

யானையார் சரி என்றார். திடலை வடிவமைக்கும் பொறுப்பு மயிலுக்குப் போனது. மயில் மணலில் கோடு கிழித்தது. சுற்றிலும் அடுக்கடுக்காகப் பார்வையாளர் படிகள், மேலே ஓலைக் கூரை, வாசலில் பெரிய வளைவு. ஓடுகிறவர்களுக்கு என்ன வேண்டும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

படி கட்ட மண் வேண்டுமே. நடுத்திடலையே தோண்டி எடுக்கச் சொன்னது மயில். தோண்ட வந்த பெருச்சாளிக்கு மண்ணின் குணம் தெரியும். அது செவத்தியைத் தனியே அழைத்தது.

"அக்கா, திடல் பள்ளமாகுது. தண்ணி வெளியே போக வாட்டமும் இல்ல, வழியும் இல்ல. திடல் கேட்டது நீங்க. நீங்க சொன்னாத்தான் யானையார் காதுல விழும்."

செவத்தி புறப்பட்டுப் போனாள். வழியிலேயே மயில் எதிர்கொண்டது.

"உங்களாலதான் இந்தத் திடலே வந்தது. முன்வரிசை நடு இடம் உங்களுக்குத்தான், யானையாருக்குப் பக்கத்துல."

செவத்திக்கு உச்சி குளிர்ந்தது. புதரில் பிறந்தவளுக்கு யானையார் பக்கத்தில் இடமாம்! இப்போது போய்க் குறை சொன்னால் அது கைநழுவிவிடும். வாயில் கொழுக்கட்டை வைத்தவள்போலத் திரும்பி வந்தாள். பெருச்சாளி என்னாயிற்று என்று கேட்டதற்கு, பெரியவர்களுக்குத் தெரியாததா என்றாள். சொல்லவே எனக்கு வாய் கூசுகிறது.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மழை கொட்டித் தீர்த்தது. விடிந்தபோது திடல் குளமாகிக் கிடந்தது. எருமைகள் இறங்கிச் சுகமாகப் படுத்துக்கொண்டன. எருமைக் குளியலும் கண்ணுக்கு அழகுதான் என்றார் யானையார். படிகளில் இருந்தவர்கள் ஆமாம் போட்டார்கள். ஓட்டப் பந்தயத்தைப் பழையபடி பாறைச் சரிவிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

செவத்தி கூரைக்குக் கீழே நனையாமல் உட்கார்ந்திருந்தாள். எதிர்ப்படிகளுக்கு மேலே சரிவு பளிச்சென்று தெரிந்தது. ஈரப்பாறையில் குட்டிகள் வரிசையாக நின்றார்கள். ஓடிப்போய்த் தடுக்கலாம். யானையார் பக்கத்தில் இருக்கும்போது எழுந்தால் மரியாதையாக இருக்காதே என்று யோசித்தாள். அவள் யோசித்து முடிப்பதற்குள் மகள் துள்ளி சறுக்கி விழுந்தாள்.

பின்னங்காலை இழுத்துக்கொண்டு வந்த துள்ளி அழவில்லை. தாயை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, உங்க இடத்துலேருந்து நல்லாத் தெரிஞ்சுதா?"

நீதி: தனக்கோர் ஆசனம் கிடைத்ததென்று வாய்மூடியவர், தம் பிள்ளை காலூன்றும் தரையைத் தாமே பறிக்கிறார்.