ஆடிக்கு அழைக்க வந்த காற்று

மாடும் மரமும் காற்றும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், காங்கேயம் பக்கத்து மேட்டுக்காட்டில் ஒரு குடும்பம் இருந்தது. ஊரார் அதைக் காற்று வீடு என்பார்கள். பெயர் சும்மா வந்துவிடவில்லை.

அந்த வீட்டு முப்பாட்டன் கொழந்தையன் ஒரு நாள் களத்தில் சோளம் தூற்ற நின்றான். முறத்தைத் தூக்கிப் பிடித்துக் கை வலித்ததுதான் மிச்சம், ஓர் இலை அசையவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டுக் காற்றை வாயில் வந்தபடி திட்டினான். அப்போது ஒரு பெண் வந்து நின்று முந்தானையை ஒரு வீசு வீசினாள். பொக்கெல்லாம் பறந்துபோய் மணி மட்டும் குவிந்தது. அவள் காற்றின் மகள். வேலை முடிந்ததும் அவளும் போகவில்லை, இவனும் போகச் சொல்லவில்லை. மகள் ஓரிடத்தில் கால் ஊன்றி இருந்தால் சரி என்று காற்றும் கட்டிக்கொடுத்துவிட்டது.

பெண் கொடுத்த அப்பன் ஆடி பிறந்தால் மகளை அழைத்துப்போக வருவான் அல்லவா? காற்றும் வந்தது. வந்த வேகத்தில் கூரையில் பாதியைப் பிய்த்துக்கொண்டுதான் வந்தது. மகளுக்கோ விதைப்பு வேலை தலைக்கு மேல் கிடந்தது. "இப்ப வர முடியாதுங்கப்பா" என்றாள்.

"அப்பப் பேத்தியையாச்சும் கூட்டிட்டுப் போறேன். நாலு நாள் வெச்சிருந்து கொண்டாந்து விட்டுர்றேன்" என்று, தவழ்ந்துகொண்டிருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. கொண்டுவந்து விடவில்லை. காற்றின் மனதில் கெட்ட எண்ணம் கிடையாது, ஞாபகம்தான் கிடையாது. எடுத்த பொருளை எடுத்த இடத்தில் திரும்ப வைத்த காற்று எங்கே இருக்கிறது?

அதற்குப் பிறகு ஒவ்வொரு தலைமுறையிலும் அப்படியே ஆயிற்று. வீட்டின் தலைப்பிள்ளை தவழத் தொடங்கியதும், அடுத்து வரும் ஆடியில் காற்று வாசலில் வந்து நிற்கும். போன பிள்ளைகள் செத்துவிடவில்லை. சுழிக்காற்றாக மாறிக் காடு மேடெல்லாம் சுற்றி விளையாடிக்கொண்டிருந்தார்கள். களத்தில் தூசியைச் சுருட்டிக்கொண்டு ஒரு சுழி வந்தால் அந்த வீட்டார் ஒதுங்கி வழிவிட்டு, "பெரியத்தை போறாங்க" என்பார்கள். பொங்கலன்று ஒரு பிடி பொரியை மேலே எறிவார்கள். அவ்வளவுதான் உறவு.

வீட்டில் தங்கிய பிள்ளைகளும் முழுசாக மண்ணில் நின்றவர்கள் என்று சொல்லிவிட முடியாது. மணலில் நடந்தால் தடம் விழாது. விழுந்து விழுந்து சிரித்தால் கால் ஒரு விரற்கடை தரையை விட்டு எழும்பும். துக்கமும் அவர்களிடம் ரொம்ப நாள் தங்காது. நல்ல மனிதர்கள்தான், ஆனால் எதையும் லேசாக எடுத்துக்கொள்வார்கள். அதுதான் வினையாகிவிட்டது.

நாலாவது தலைமுறையில் பொங்கியண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள் சீரங்காயி. அவள் பிறந்தது கிணறு வெட்டுகிற குடும்பம். தாய் தகப்பன் இல்லாத அவளை வளர்த்து ஆளாக்கியவன் அண்ணன் நஞ்சப்பன். பாறையை உடைத்து உடைத்து அவன் உடம்பே பாறையாகிவிட்டிருந்தது. அவன் நடந்தால் பக்கத்து வீட்டு உறியில் பானை ஆடும். பேச்சும் அப்படித்தான், ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதுதான்.

கல்யாணப் பந்தியில் அவனுக்குத்தான் முதல் இலை போட்டார்கள். சோறு வைத்து, பருப்பு ஊற்றி, நெய்யும் விட்டாயிற்று. அவன் கையை வைக்கப் போகும் நேரத்தில், தம்பி கல்யாணத்தைப் பார்க்க வந்த பொங்கியண்ணனின் அண்ணன், அதாவது காற்று தூக்கிக்கொண்டு போன தலைப்பிள்ளை, சுழன்றுகொண்டே பந்திக்குள் புகுந்துவிட்டார். நஞ்சப்பனின் இலை எழும்பி அவன் மேலேயே கவிழ்ந்தது. மீசையில் பருப்பு, மார்பெல்லாம் சோறு.

ஒரு வாய் உண்பதற்கு முன்னால் இலை கவிழ்வதைவிடப் பெண் வீட்டானுக்கு வேறு என்ன அவமானம் வேண்டும்? ஓடிவந்து கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். காற்று வீட்டாரோ சிரித்தார்கள். மாப்பிள்ளை சிரித்தான், மாப்பிள்ளையின் அப்பன் சிரித்தான், அந்த வீட்டுச் சனம் மொத்தமும் ஒரு விரற்கடை மேலே மிதந்துகொண்டு சிரித்தது. அதைக்கூட நஞ்சப்பன் பொறுத்திருப்பான். பட்டுச்சேலையோடு நின்ற சீரங்காயியும் சிரித்துவிட்டாள்.

அவன் எழுந்து மேலைத் துடைத்துக்கொண்டான். "இந்த ஊட்டு வாசலை இனி மிதிக்க மாட்டேன்" என்றான். சொன்னபடி வரவும் இல்லை. அண்ணன் கல்யாணச் சீராகக் கொடுத்த செவலைக் காளை மட்டும்தான் சீரங்காயிக்குப் பிறந்த வீடு என்று மிஞ்சியது.

அடுத்த வருடம் அவளுக்குப் பெண் பிறந்தாள். வஞ்சி என்று பெயர் வைத்தார்கள். அழுகை என்றால் என்னவென்றே தெரியாத குழந்தை, பொழுதுக்கும் சிரிப்புத்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் சீரங்காயி ஓடிவந்து அவளை வாரி இறுக்கிக்கொள்வாள். தலைப்பிள்ளை ஆயிற்றே. ஆனி மாதம் தவழ ஆரம்பித்தாள். வாசலில் லேசாகக் காற்று வீசினாலே போதும், காதைத் திருப்பி அந்தப் பக்கம் கேட்பாள். கேட்டதும் சிரிப்பாள். சிரித்ததும் முழங்கால் தரையை விட்டு எழும்பும்.

சீரங்காயி சும்மா இருப்பாளா? குழந்தையின் அரைஞாணில் கயிறு கோத்துத் தூணோடு பிணைத்தாள். எந்த முடிச்சையும் அவிழ்க்கக் காற்றுக்குத் தெரியும். காலில் கனமான காப்புப் போட்டாள். அது நழுவி வாசலில் விழுந்தது. கடைசியில் மடியில் போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டாள். குனிந்து பார்த்தால் அவள் காலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு கோழிக்குஞ்சு நுழைந்து போகிறது. காற்று வீட்டுப் பிள்ளையைச் சுமந்து பெற்றவளுக்கும் அந்த லேசு தொற்றிக்கொண்டுவிட்டது.

"எதுக்கு இப்படிக் கலங்கற?" என்றான் பொங்கியண்ணன். "எங்கண்ணன் நல்லாத்தான இருக்காரு? போன வாரங்கூடக் களத்துல பார்த்தேன்."

"எனக்குக் களத்துல பாக்கற புள்ள வேண்டாமுங்க. மடியில இருக்கற புள்ள வேணும்."

பொங்கலுக்குப் பொங்கல் பொரியை எறிந்துவிட்டு வானத்தையே பார்த்து நின்ற தன் அம்மாவை அவனும் கண்டவன்தான்.

ஆடிக்கு முதல் நாள் காலையில், மாடு கட்டும் இடத்தில் போய்க் காளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சீரங்காயி அழுதாள். செவலை கொஞ்ச நேரம் அழவிட்டது. பிறகு அசைபோடுவதை நிறுத்தி, "போதும் அம்மிணி, என்ற கழுத்தெல்லாம் நனைஞ்சுபோச்சு" என்றது.

"நாளைக்குக் காத்து வந்துருமே. நான் என்ன பண்ணுவேன்?"

"நான் கன்னா இருக்கையில என்னையும்தான் கட்டிக் கட்டிப் பார்த்தாங்க. அத்தனை கயித்தையும் உருவிட்டு ஓடுனேன். ஒரு நா மூக்கைக் குத்திக் கயித்தை உள்ள உட்டாங்க. அப்பறம் எங்க ஓடறது? மேல கட்டுனா அவுக்கலாம், உள்ள போட்டதை எப்படி அவுக்கறது?"

"கொழந்தைக்கு மூக்கணாங்கயிறு போடச் சொல்றயா?"

"நான் மோப்பம் புடிச்சு ஓடறவன். என்னை மூக்குல புடிச்சாங்க. உன்ற புள்ள எதை வெச்சு ஓடுது, அதை யோசி."

சீரங்காயி கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். காற்று வந்ததும் வஞ்சி முதலில் செய்வது என்ன? "காது" என்றாள். "அவங்க தாத்தன் கூப்பிடறது காதுலதான் கேக்குது."

"அப்பக் காதுலதான் போடோணும். கனமாப் பொன்னுல போடு."

"முள்ளுக் குத்துனா புள்ள துள்ளுமே, யாரு புடிச்சுக்குவா? நான் மடியில வெச்சா நானும் சேர்ந்து எந்திரிச்சுப் போயிருவேன். அவரு..."

"அவரு சிரிச்சாலே எந்திரிக்கறாரு" என்றது காளை. "எனக்கு மூக்குக் குத்தறப்ப புடிக்க வந்த ஆளையெல்லாம் உதறித் தள்ளிட்டேன். கடைசியா ஒருத்தன் வந்து புடிச்சான் பாரு, வாலைக்கூட ஆட்ட முடியல. அவன் யாருன்னு நான் வேற சொல்லோணுமா?"

சொல்ல வேண்டியிருக்கவில்லை. சீரங்காயி தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் பழமும் எடுத்து வைத்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அப்போதே புறப்பட்டாள். நல்லவேளை, அன்று காற்று இல்லை.

நஞ்சப்பன் ஒரு காட்டில் கிணறு வெட்டிக்கொண்டிருந்தான். மேட்டில் போய் நின்று "அண்ணா" என்றாள். உள்ளே கடப்பாரைச் சத்தம் நின்றது.

"கல்யாணத்தன்னைக்கு நான் சிரிச்சது தப்புங்ணா. எல்லாரும் சிரிச்சாங்கன்னு நானும் சிரிச்சுப்போட்டேன். நீங்க பசியோட எந்திரிச்சுப் போனது, இன்னைக்கும் சோத்துல கை வெக்கறப்பல்லாம் ஞாபகத்துக்கு வருது. என்னை வெய்யோணும்னா வெய்யுங்க. ஆனா காது குத்திப் பொன்னு போட்டாத்தான் என்ற புள்ளையக் காத்து தூக்கிட்டுப் போகாது. குத்தறப்பப் புடிச்சுக்க, உங்க மடிய உட்டா எனக்கு வேற மடியில்லீங்ணா."

பிறகு படி அதிர நஞ்சப்பன் மேலேறி வந்தான். தங்கையைப் பார்க்கவில்லை, குழந்தையைத்தான் பார்த்தான். அது அவன் மீசையைப் பார்த்துச் சிரித்தது. இடுப்பு வேட்டி மடிப்பை அவிழ்த்து எதையோ எடுத்துக் காட்டினான். கட்டைவிரல் நகம் அளவுக்குச் சின்னதாக இரண்டு பொன் வளையம்.

"அம்மா கழுத்துல கெடந்த மணிங்க. கல்யாணத்தன்னைக்கு உனக்குக் குடுக்கத்தான் மடியில வெச்சிருந்தேன். புள்ள பொறந்துச்சுன்னு கேள்விப்பட்டுக் காதுக்கு வளையமா அடிச்சேன். கொண்டாந்து குடுக்க வீம்பு உடல."

தாம்பாளத்திலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டான். வெற்றிலையை எடுத்தால் வருகிறேன் என்று அர்த்தம். சீரங்காயிக்குப் போன உயிரில் பாதி அங்கேயே திரும்பி வந்தது.

மறுநாள் காலை, ஆடி ஒன்று. நஞ்சப்பன் வந்தான். வாசலோரம் வந்ததும் கால் நின்றுவிட்டது, சொன்ன சொல் சொன்னதுதானே. பொங்கியண்ணன் ஓடிவந்து ஒரு மணைப்பலகையை வாசலில் போட்டான். "வாசலை மிதிக்க மாட்டேன்னீங்க மச்சான். பலகையத்தான மிதிக்கறீங்க, உக்காருங்க" என்றான். பிறகு குரலை இறக்கி, "அன்னைக்குச் சிரிச்சதுக்கு மன்னிச்சுப் போடுங்க" என்றான். நஞ்சப்பன் மீசைக்குள் என்னவோ அசைந்தது. மணையில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டான்.

வாங்கியதுதான் தாமதம், மேற்கே புழுதி கிளம்பியது. "பேத்தியக் கூப்பிட வந்துட்டேன்" என்று காற்று வாசலுக்கு வந்தது. பொங்கியண்ணன் தூணைக் கட்டிக்கொண்டான், கால் இரண்டும் கொடிச்சேலை கணக்காகப் பறந்தன. வஞ்சி காதைத் திருப்பினாள். சிரித்தாள். எழும்பினாள். எழும்பிய இடத்தில் நஞ்சப்பனின் இரண்டு கைகளும் இருந்தன. அவன் மணையோடு மணையாக அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"சீக்கிரம் அம்மிணி" என்றான்.

சீரங்காயிக்கும் கால் தரையில் இல்லை. ஒரு முழங்கையை அண்ணன் தோளில் ஊன்றி உடம்பை நிறுத்திக்கொண்டு, வெள்வேல முள்ளை எடுத்தாள். பெற்ற பிள்ளை மேல் முள்ளை வைக்க எந்தத் தாய்க்குக் கை வரும்? கண்ணை மூடவும் முடியாது, மூடினால் இடம் தவறிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு குத்தினாள். வளையத்தை நுழைத்து முனையை அழுத்தினாள். குழந்தையின் ஒரு பக்கம் கீழே சாய்ந்தது. அடுத்த காதிலும் குத்தினாள். இரண்டாவது வளையம் ஏறியதுதான் தெரியும், வஞ்சி பொத்தென்று மாமன் மடியில் வந்து உட்கார்ந்தாள். ஒரு கணம் திகைத்தாள். பிறகு வீறிட்டு அழுதாள்.

அந்த அழுகையில் தாத்தன் கூப்பிட்டது காதில் விழவே இல்லை.

காற்று பதறிப்போயிற்று. "ஐயோ, கண்ணு எதுக்கு அழுவுது?" என்று தூக்கப் பார்த்தது. காதைத் தடவிப் பார்த்தது, அங்கே முடிச்சு எதுவும் இல்லை. "கனக்குதே! நான் வெறுங்கையோடவா போறது?" என்றது பாவம்.

"லேசா இருக்கறது உங்களுது, எடுத்துக்குங்க" என்றான் நஞ்சப்பன். "கனமா இருக்கறது எங்களுது." இடுப்பில் செருகி வந்த கத்தியை எடுத்துத் தண்ணீரில் நனைத்துக் குழந்தையின் முதல் முடியை மழித்துக் கையை விரித்தான். காற்றுக்கு அதுவே பெரிய சந்தோஷம். பூ மாதிரி வாரிக்கொண்டு, எதற்கு வந்தோம் என்பதையும் மறந்துவிட்டுக் கிழக்கே போயிற்று.

சீரங்காயியின் கால் தரையில் பட்டது. அப்போதுதான் அவளுக்கு மூச்சே வந்தது. மொட்டைத் தலையும், மூக்கு ஒழுகும் முகமும், காதில் ஆடும் பொன்னுமாகக் கத்திக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வழிய, தன்னை அறியாமல் சிரித்துவிட்டாள். சட்டென்று பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள்.

நஞ்சப்பன் சிரித்துக்கொண்டிருந்தான். வாழ்நாளில் சிரிக்காததையெல்லாம் சேர்த்துச் சிரித்தான். பக்கத்து வீட்டு உறியில் பானைகள் முட்டிக்கொண்டன. பொங்கியண்ணன் தூணிலிருந்து இறங்கி வந்து சிரித்தான். அவ்வளவு பேர் சிரித்தும் குழந்தை மட்டும் அழுதது. கட்டுத்தறியிலிருந்து செவலை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி அசைபோடப் போயிற்று.

மத்தியானம் நஞ்சப்பனுக்குத்தான் முதல் இலை. அவன் உண்டு முடித்து எழும்வரை சீரங்காயி எதிரில் உட்கார்ந்து, இலையின் நுனியைக் கையால் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

பிள்ளைக்குக் காது குத்தத் தாய்மாமனை வெற்றிலை பாக்கோடு நேரில் போய் அழைப்பதும், மணையில் உட்காரவைத்து அவன் மடியில் பிள்ளையைக் கொடுப்பதும், மொட்டை போடுவதும் அந்த ஆடியிலிருந்துதான் வழக்கமாயிற்று. ஆடியில் மட்டும் யாரும் காது குத்துவதில்லை. காற்று வந்து சேர்வதற்குள் வேலையை முடித்துக்கொள்கிறார்கள். குழந்தை வலி தாங்காமல் கத்தும்போது சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்களே, அதைக் கல்மனசு என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளை நம்மோடு தங்கிவிட்டது என்று அன்று சீரங்காயி விட்ட மூச்சுத்தான் அது.