கொப்பையன் பார்க்காத பக்கம்

காலை நீட்டிப் படு, தங்கம். 'ம்' கொட்டினாத்தான் கதை நகரும், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு அவசரக்காரன் இருந்தானாம், பேரு கொப்பையன். விறுவிறுன்னு நடப்பான், திரும்பியே பார்க்க மாட்டான். கழுத்து சுளுக்கினவன்கூட கொஞ்சம் திரும்புவான், இவன் மாட்டான். ம் சொல்லு.

ஒருநாள் அவன் மக பேச்சிக்குக் காய்ச்சல். உடம்பு அனலாக் கொதிக்குது. "பொழுது சாயறதுக்குள்ள நிலவேம்பு பறிச்சிட்டு வாங்க. அப்புறம் அந்தக் கொல்லைப்பக்கம்..."னு பொண்டாட்டி வீராயி சொல்ல ஆரம்பிச்சா. அவன் எங்க கேட்டான்? கிளம்பிட்டான்! காட்டுக்குள்ள போனான், தழையைப் பறிச்சான், திரும்பினான். அப்போ பார்த்தா, வந்த வழியே புதுசா இருக்கு!

ஆமை மாதிரி ஒரு பாறை. "வரும்போது யானை மாதிரி ஒரு பாறைதானே இருந்துச்சு? நீ யாரு?"ன்னான். "அதே பாறைதான்டா. அப்போ என் முன்பக்கம் பார்த்தே, இது முதுகு"ன்னுச்சாம். பாவம், தலை கிறுகிறுன்னு சுத்துது அவனுக்கு.

அப்புறம் ஒரு புளியமரம், உடம்பெல்லாம் பொந்து. "உன்னைப் பார்த்ததே இல்லையே?" "என் நிழல்லதானே தண்ணி குடிச்சே?"ன்னு சலசலன்னு சிரிச்சுதாம். இப்படிப் போறான், அப்படிப் போறான், ஒண்ணும் புரியலை. பொழுது வேற சாயுது. பிள்ளை நினைப்புல அழுகையா வருது. தூங்கிட்டியா? ம்... சரி.

அப்புறம் எப்படியோ ஒரு வீட்டுக் கொல்லையில போய் நின்னான். அதுவும் தெரியாத வீடு! சாக்கடை அடைச்சுக் கிடக்கு, உடைஞ்ச பானையிலெல்லாம் தண்ணி, ஙொய்ய்னு கொசு. உள்ள ஒரு பிள்ளை முனகுது. கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு அவனுக்கு. "யாருடா இந்த வீட்டுக்காரன்? கொல்லையை இப்படிப் போட்டு வச்சா பிள்ளைக்குக் காய்ச்சல் வராம என்ன செய்யும்?"

கிரீச்! பின்கதவு திறந்துச்சு. வீராயி நிக்கிறா. "நம்ம வீடுதான். உள்ள வாங்க."

தழையை அவ கையில குடுத்தான். அப்புறம் கஷாயம் வச்சுக் குடுத்தாங்க, பேச்சி பொழைச்சா. அவன் பானையெல்லாம் கவிழ்த்தான்.

அதுல இருந்து தினமும் படுக்கறதுக்கு முன்னாடி பாயில உட்கார்ந்து, இன்னிக்கு எதையெல்லாம் திரும்பிப் பார்க்காம வந்தோம்னு யோசிப்பானாம். யோசிச்சிட்டு வீராயிகிட்ட போய் நிப்பானாம். "காலையில என்னமோ சொல்ல வந்தியே, என்ன அது?"

காட்டுக்குப் போன கதை வீட்டுக்கு வந்துருச்சு. கண்ணை மூடு.