இடப்பக்க நாற்காலி

"காகிதத்தை நீட்டினவனை விட்டுட்டு என்னைக் கொண்டாந்து இங்க உட்கார வச்சிருக்காங்களே, இது என்னங்க நியாயம்?"

விமானி ஜெரால்டு பர்னாந்து நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்டுவிட்டார்.

பயிற்சி ஆசிரியை உமையாள் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். கையிலிருந்த ஃபைலை மூடினார்.

"என்ன நடந்துச்சு சார்?"

"அதுல எழுதியிருக்கே."

"நீங்க சொல்லுங்க."

சொன்னார். அன்றைக்கு அது நாலாவது பயணம். கிளம்பும் முன் வாசிக்கும் செக்லிஸ்ட்டின் பாதியில், தரைப் பணியாளர் ஒருவர் கையெழுத்துக் கேட்டுக் காகிதம் நீட்டினார். போட்டுக் கொடுத்துவிட்டு, விட்ட இடம் என்று நினைத்த இடத்திலிருந்து தொடர்ந்தார். விட்ட இடம் அதுவல்ல. இறக்கை மடல்களை இறக்காமலே ஓடுபாதையில் வேகமெடுத்தார். அபாய ஒலி அலறியது.

"அலறுச்சு, நிறுத்திட்டேன். யாருக்கும் ஒண்ணும் ஆகல. முடிஞ்சுது."

"அலறுச்சு," என்றார் உமையாள்.

"இருபத்திரண்டு வருஷமா ஓட்டுறேன் மேடம். அப்புறம், என்னை கேப்டன்னு கூப்பிடுங்க. சார்னா ஏதோ பேங்க்ல வேலை பார்க்கிற மாதிரி இருக்கு."

"சரி சார்."

மூன்றாம் நாள் தேர்வு. தேறினால் பழையபடி இடப்பக்க நாற்காலி, கேப்டன். தேறாவிட்டால் வலப்பக்கம், துணை விமானி. தான் பழக்கிவிட்ட பையன்களுக்குக் கீழே.

பயிற்சிக் கூண்டு அச்சு அசலாக விமானி அறைதான். பறக்காது, அவ்வளவே. உமையாள் செக்லிஸ்ட்டை வாசிப்பார். பர்னாந்து ஒவ்வொன்றையும் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

"ஃபியூயல்?"

"செக்ட்."

"டோர்ஸ்?"

"குளோஸ்ட்."

"சார், பேனா இருக்கா?"

எடுத்துக் கொடுத்தார்.

"ட்ரிம்?"

"செட்."

"மறுபடி."

"எதுக்கு?"

"மறுபடி சார்."

அடுத்த முறை, மணி என்ன என்று கேட்டார். அதற்கடுத்த முறை, ஏசி குளிர்கிறதா என்று கேட்டார். ஒவ்வொரு முறையும் பர்னாந்து பதில் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். ஒவ்வொரு முறையும் மறுபடி.

ஆறாவது முறை அவருக்குப் பொறுக்கவில்லை.

"நடுவுல நடுவுல பேசுறது நீங்க. தண்டனை எனக்கா?"

"அன்னைக்கும் பேசினது இன்னொருத்தர்தானே சார்."

பர்னாந்துவின் காது சிவந்தது.

எட்டாவது முறை, "டீ சொல்லட்டுமா?" என்றார் உமையாள்.

"ஒண்ணும் வேணாம். முதல்லேருந்து வாசிங்க," என்று எரிந்து விழுந்தார் பர்னாந்து.

உமையாள் முதலிலிருந்து வாசித்தார். அன்று அதற்குமேல் மறுபடி சொல்லவில்லை.

இரண்டாம் நாள் அவர் வாயே திறக்கவில்லை, செக்லிஸ்ட்டைத் தவிர. பர்னாந்து மளமளவென்று பதில் சொன்னார். நாலு முறை, ஐந்து முறை, பத்து முறை.

"ஃப்ளாப்ஸ்?"

"ஃபைவ்."

"மறுபடி."

"இன்னைக்கு ஒரு ஈகூடக் குறுக்க வரலையே!"

உமையாள் கையை நீட்டி, மடல்களை இறக்கும் நெம்புகோலின் மேலிருந்த தன் கைக்குட்டையை எடுத்தார்.

நெம்புகோல் பூஜ்ஜியத்தில் இருந்தது.

வெளிர் மஞ்சள் கைக்குட்டை. ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது. அது எப்போது அங்கே வந்தது என்று பர்னாந்துவுக்குத் தெரியவில்லை.

"இது ஏமாத்து வேலை மேடம்."

"ஆமா சார்."

பர்னாந்து நெம்புகோலைப் பார்த்தபடி கேட்டார்:

"அப்ப நான் எதைப் பார்த்து ஃபைவ்னு சொன்னேன்?"

"நேத்து ஃபைவ்ல இருந்துச்சு."

மூன்றாம் நாள் தேர்வாளர் வந்து பின்னால் உட்கார்ந்தார். பர்னாந்து சட்டையை நன்றாக இஸ்திரி போட்டிருந்தார். தோளில் கேப்டனுக்குரிய நான்கு தங்கப் பட்டைகள்.

"ஃபியூயல்?"

எரிபொருள் காட்டும் முள்ளைப் பார்த்தார். "செக்ட்."

சொன்ன பிறகு, எவ்வளவு இருந்தது என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். நினைவில்லை.

"முதல்லேருந்து வாசிங்க மேடம்."

"யாரும் ஒண்ணும் பேசலையே?" என்றார் தேர்வாளர்.

உமையாள் முதலிலிருந்து வாசித்தார். இந்த முறை கதவுகள் வரை போனது.

"மன்னிக்கணும். முதல்லேருந்து."

தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

மூன்றாவது முறை ஃப்ளாப்ஸ் வரை வந்துவிட்டது. நெம்புகோலின் மேல் ஒன்றுமில்லை. ஃபைவில்தான் இருந்தது. சொல்லிவிடலாம். தப்பாக இருந்தால் அலறப்போகிறது, அவ்வளவுதானே.

பர்னாந்து கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஃப்ளாப்ஸ்?" என்றார் உமையாள் மறுபடியும்.

"பார்க்கிறேன் மேடம். மண்டையில ஏற மாட்டேங்குது."

"ஏன் சார்?"

"ரெண்டு நாளா தூக்கமில்ல." நிறுத்தினார். பிறகு, "அன்னைக்கும்தான்," என்றார். "காகிதம் நீட்டினது நாலாவது பயணத்துல. கண்ணு எரிஞ்சது ரெண்டாவதுலயே."

"பாதியில எழுந்தா தேறலைன்னுதான் நான் எழுதணும். தெரியும்ல?" என்றார் தேர்வாளர்.

"தெரியும் சார். எழுதிக்கிடுங்க. இன்னைக்கு நான் ஓட்டக் கூடாது."

பெல்ட்டைக் கழற்றினார்.

உமையாள் செக்லிஸ்ட்டை மடித்து வைத்தார்.

"போய்த் தூங்குங்க, கேப்டன்."