வயிற்றை உப்பிக்கொண்ட குதிரை

காட்டோரக் குளத்தை ஒட்டி ஒரு குதிரைப் பண்ணை இருந்தது. அங்கே இரண்டு இளங்குதிரைகளைப் பந்தயத்துக்குப் பழக்கி வந்தார்கள். ஆண்குதிரையின் பெயர் கம்பீரன். பெண்குதிரையின் பெயர் மல்லாரி. கம்பீரனின் அப்பா ஏழு கோப்பை வாங்கியவர். இதைக் கம்பீரன் ஒரு நாளைக்கு எட்டு முறை சொல்லும்.

கம்பீரனுக்குத் துணையாகக் கொட்டிலில் ஓர் ஆடு இருந்தது. பெயர் கோமளம். அது பக்கத்தில் இல்லாவிட்டால் கம்பீரன் தூங்காது. கம்பீரன் சிந்துகிற கொள்ளைத் தின்று கோமளம் நன்றாகவே கொழுத்திருந்தது.

குதிரை பழக்குபவர் இஸ்மாயில். முதலில் வாயில் கடிவாளம் மாட்டினார். பிறகு வெறும் முதுகின் குறுக்கே மூட்டை போலப் படுத்துப் பார்த்தார். இரண்டையும் கம்பீரன் பொறுத்துக்கொண்டது. சேணம் வைத்து வயிற்றைச் சுற்றி வாரை இறுக்கியபோதுதான் அதற்குக் கோபம் வந்தது.

வெள்ளிக்கிழமை தேர்வு. முதுகில் ஆளோடு ஒரு சுற்று ஒழுங்காக ஓடினால் பந்தய மைதானம். இல்லாவிட்டால் ஊட்டி ஏரிக்கரை. அங்கே சுற்றுலா வருகிறவர்களைச் சுமந்துகொண்டு போட்டோவுக்கு நிற்க வேண்டும்.

"வார் இறுக்குது கோமளம்! எங்கப்பாவ இப்படிக் கட்டியிருப்பாங்களா?" என்றது கம்பீரன்.

பந்தயம் என்பது மட்டுமே காதில் விழுந்திருந்த கோமளம் யோசித்தது. இவன் பந்தயத்துக்குப் போய்விட்டால் நமக்குக் கொள்ளு ஏது?

"இதுக்கா மூக்கைச் சிந்துற! வார் கட்டும்போது மூச்சை இழுத்து வயித்தை உப்பிக்கோ. கட்டினதும் விட்டுடு. தொளதொளன்னு ஆயிடும்!"

கம்பீரன் அப்படியே செய்தது. இஸ்மாயில் பத்தடி நடக்க வைத்து மறுபடியும் இறுக்கினார். இந்த வித்தையை அவர் இருபது வருஷமாகப் பார்த்து வருகிறார்.

"அப்போ ரெண்டாவது தடவையும் உப்பு!" என்றது கோமளம்.

மல்லாரிக்குக் கேட்டுவிட்டது. "வேண்டாம் கம்பீரா! நாலு நாள்ல பழகிடும். எனக்குப் பழகிடுச்சு."

"உங்கப்பா எத்தனை கோப்பை வாங்கினாரு?"

மல்லாரி புல் தின்னப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை கம்பீரன் இரண்டு முறையும் வயிற்றை உப்பியது. இஸ்மாயில் ஏறி உட்காரும்வரை மூச்சை விடவில்லை. ஆனால் ஓடுகிற குதிரை மூச்சு விட்டுத்தானே ஆகவேண்டும்? விட்டது. வயிறு சுருங்கியது. முதல் வளைவில் சேணம் சரிந்து வயிற்றுக்குக் கீழே போனது. இஸ்மாயில் குளத்துக்குள் போனார்.

"ஐயோ! என்னமோ வயித்தைப் பிடிச்சுத் தொங்குது!" என்று அலறிக்கொண்டு கம்பீரன் மூன்று சுற்று ஓடியது. அப்படி ஒரு வேகத்தை அந்தப் பண்ணை அதுவரை பார்த்ததில்லை. ஆள் குளத்தில் இருந்ததால் அதை யாரும் ஓட்டமாகச் சேர்க்கவில்லை.

மல்லாரி ஒரு சுற்று ஓடியது. சுமாரான வேகம்தான். அதன் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் மல்லாரியின் வண்டி கிளம்பியது. அது கண்ணுக்கு மறையும்வரை கம்பீரன் பார்த்துக்கொண்டு நின்றது. அதற்குத் தாங்க முடியவில்லை. பிறகு ஊட்டி வண்டி வந்தது. கம்பீரன் ஏற மறுத்தது.

"ஆட்டை முதல்ல ஏத்துங்கப்பா. இது தன்னால ஏறிடும்," என்றார் இஸ்மாயில்.

"நானா! நான் எதுக்கு?" என்று கத்தியது கோமளம்.

இஸ்மாயில் அதைத் தூக்கி உள்ளே வைத்தார். "கத்தாதே! இவன் பந்தயத்துக்குப் போயிருந்தாலும் உன்னைத்தான் கூட அனுப்பியிருப்போம். அங்கேன்னா மூட்டை மூட்டையாக் கொள்ளு கிடைச்சிருக்கும்!"

தம்மைப் பழக்கும் கட்டுப்பாட்டை ஏய்ப்பவர் தம்மையே ஏய்த்துக்கொள்கிறார். அதற்கு யோசனை சொன்னவரும் அதே வண்டியில்தான் போக வேண்டும்.