இசக்கிமுத்து எந்த வகை

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எங்கள் குருவுக்கு முப்பத்து நாலு வயது. பெயர் ரெஜினா. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். சீடன் தணிகைவேலுக்கு நாற்பத்தாறு. தபால் பிரிக்கிற வேலை.

பாளையங்கோட்டையில் மைதீனின் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை உண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஐந்து பேர் அங்கே கூடுவோம். ரெஜினா, தணிகைவேல், மைதீன், இசக்கிமுத்து, நான். சூப்பர் ஹீரோ விளையாட்டு. ஆளுக்கு ஒரு ஹீரோ, அவனைப் பற்றிய விவரமெல்லாம் ஒரு தாளில் இருக்கும். ரெஜினா கதை சொல்லி ஓர் ஆபத்தைக் கொண்டுவந்து நிறுத்துவார். நம் ஹீரோ என்ன செய்வான் என்று நாம் சொல்ல வேண்டும். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். நடத்துகிறவரை மாஸ்டர் என்போம். ஏழு கழுதை வயசாகியும் இது தேவையா என்று என் வீட்டில் கேட்பார்கள். தேவைதான். வாரத்தில் எனக்கு வேறென்ன இருக்கிறது?

தணிகைவேல் பால் குடிக்கிற வயதிலிருந்து காமிக்ஸ் படித்தவன் என்று அவன் அம்மாவே சொல்வார். உலகத்தில் உள்ள சூப்பர் ஹீரோக்களையெல்லாம் முப்பத்தாறு வகையாகப் பிரித்து நோட்டில் எழுதி வைத்திருந்தான். பறக்கிறவன், ஓடுகிறவன், உருமாறி, மனசைப் படிக்கிறவன், சக்தியே இல்லாமல் கருவியை வைத்து ஒப்பேற்றுகிறவன், பழிவாங்கப் புறப்பட்டவன், வேற்றுக்கிரகத்திலிருந்து வந்து நம் ஊர்ச் சாப்பாட்டுக்குப் பழகிவிட்டவன். எந்த வகை என்ன செய்யும், என்ன செய்யாது என்று பக்கம் பக்கமாக இருக்கும். பழக்க தோஷத்தில் எங்கள் வார்டு கவுன்சிலரைக்கூட உருமாறியில் சேர்த்திருந்தான். மூன்று கட்சி பார்த்தவர், தப்பு சொல்ல முடியாது. எங்களுக்கு அந்த நோட்டுதான் சட்டம்.

இசக்கிமுத்துவுக்கு அவன் கொடுத்த வகை பாறை. எந்த அடியையும் தாங்குவான், எல்லோருக்கும் முன்னால் நிற்பான். இசக்கிமுத்து தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஆறு நாளும் நின்றபடியே வேலை, நின்றபடியே ஏச்சு. ஏழாம் நாள் இங்கே வந்து பாறையாக நிற்பான். ஒன்பது வருஷம் நின்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதையில் பாலம் இடிந்து விழுகிற நேரத்தில், "நான் இன்னிக்குப் பின்னால நிக்கேன்" என்றான்.

தணிகைவேல் நோட்டைப் புரட்டினான். "பாறை பின்னால நிக்காதுடே. பக்கம் முப்பத்தொண்ணு."

இசக்கிமுத்து பென்சிலை மேசையில் வைத்தான். சண்டை போடவில்லை. படியிறங்கிப் போய்விட்டான். ஏன் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை, ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தோம்.

அதன் பிறகு நாலு வாரம் அவன் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. மைதீன் ஒரு நாள் அவன் பஸ்ஸிலேயே ஏறியிருக்கிறான். இசக்கிமுத்து டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டானாம். தணிகைவேலும் அவனும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். தணிகைவேலுக்கு நண்பன் என்று சொல்லிக்கொள்ள வேறு ஆள் கிடையாது. அந்த நாலு வாரத்தில் அவன் பாதியாக இளைத்துவிட்டான்.

ஐந்தாம் வாரம் நோட்டோடு வந்தான். ரெஜினா காலை ஷிப்ட் முடித்து நேரே வந்து, சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.

"மாஸ்டர், அவனைத் தப்பான வகையில போட்டுட்டேன். சரியானது எதுன்னு சொல்லுங்க. திருத்தி எடுத்துக்கிட்டு அவன் வீட்டுக்குப் போறேன்."

ரெஜினா கண்ணைத் திறந்தார். பைலிலிருந்து இசக்கிமுத்துவின் தாளை உருவி அவன் முன்னால் வைத்தார்.

"இன்னிக்கு நீங்க இதை ஆடுங்கண்ணே."

அன்றைய கதையில் ஓர் இயந்திரம் அணையை உடைக்க வந்தது. மைதீன் தலையைத் தூக்காமலே, பாறை முன்னால் போகட்டும் என்றான். தணிகைவேல் போனான், அடி வாங்கினான், காயத்தைத் தாளில் எழுதிக்கொண்டான். நானும் மைதீனும் அடுத்து என்ன செய்யலாம் என்று பேசினோம். இயந்திரம் திரும்பியது. பாறை முன்னால் போகட்டும் என்றேன் நான். டீ வருவதற்குள் நான் மட்டும் ஆறு தடவை அதைச் சொல்லியிருப்பேன். நடுவில் தணிகைவேல், மதகைத் திறந்துவிட்டால் என்ன என்று ஒரு யோசனை சொன்னான். நல்ல யோசனைதான். யோசனையெல்லாம் பாறைக்கு எதுக்குடே என்று மைதீன் சிரித்தான், நானும் கூடச் சிரித்தேன். ரெஜினா பகடையை உருட்டி, எங்கே அடி, எத்தனை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது மணி நேரத்தில் தணிகைவேலின் பென்சில் தாளைக் குத்திக்கொண்டு மேசையில் இடித்தது.

தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். காயத்தை எழுதுகிற கட்டத்தில் காகிதம் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. பாறையின் காயம் அடுத்த வாரத்துக்குள் தானே ஆறிவிடும் என்று எங்கள் சட்டத்தில் உண்டு. அதனால் இசக்கிமுத்து ஞாயிற்றுக்கிழமை எழுதியதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து ரப்பரால் அழிப்பான். பிறகு அதே இடத்தில் எழுதுவான். ஒன்பது வருஷமாக அழித்திருக்கிறான்.

நான் என் தாளைப் பார்த்தேன். அந்தக் கட்டம் கடையில் வாங்கிய அன்று இருந்த வெள்ளையாகவே இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. மைதீனும் தன் தாளைக் கையால் மறைத்துக்கொண்டான்.

"மாஸ்டர்," என்றான் தணிகைவேல். "கொஞ்ச நேரம் நான் பின்னால நிக்கட்டுமா?"

"நோட்டுல என்ன எழுதிருக்கீங்க?"

அவன் நோட்டைத் திறக்கவில்லை. அதில் இருப்பது அவனுக்கு மனப்பாடம். ரெஜினா ஆட்டத்தை அத்தோடு முடித்துப் பகடைகளைப் பைக்குள் போட்டார். நாங்கள் டீ கிளாஸ்களை ஓரமாக நகர்த்தினோம்.

தணிகைவேல் மெதுவாகக் கேட்டான். முப்பத்தொன்றாம் பக்கத்தை அடித்துவிடுகிறேன், அவனுக்கென்று முப்பத்தேழாவதாக ஒரு வகை எழுதுகிறேன், அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்றான். பேனாவின் மூடியைக்கூடக் கழற்றிவிட்டான். பாவம், அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"பேரு வச்சா அவரு வந்துருவாரா?" என்றார் ரெஜினா.

தணிகைவேல் பேனாவை மூடினான். கண் கலங்கியிருந்தது. அதை அவன் மறைக்கவும் இல்லை.

"அப்ப நான் போய் என்னதான் சொல்ல?"

ரெஜினா எழுந்து செருப்பை மாட்டினார். காலை ஷிப்ட் முழுக்க நின்ற கால், கதவைப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த வாரம் நாங்க முன்னால நிக்கோம்னு சொல்லுங்க. நம்ப மாட்டாரு. அதுக்கடுத்த வாரமும் போய்ச் சொல்லுங்க."